மல்லாந்து படுக்க முடியாதவருக்கு மயக்க மருந்து: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, பிரசவம், விபத்து ஆகியவையே அதிகம். இம்முறை பாடமாக எடுத்துக்கொண்டிருப்பது அரிதாக வரும் ஒன்று. நெஞ்சுக்கூட்டின் நடுவில், மூச்சுக்குழாய்க்கும் இதயத்துக்கும் பக்கத்தில் கட்டி வளர்ந்திருப்பவருக்கு மயக்க மருந்து கொடுப்பது பற்றியது. அரிதானதை ஏன் எழுதுகிறோம் என்றால், இந்த நோயாளி எப்படிப் படுக்கிறார், எப்படித் தூங்குகிறார், எப்படித் தொழுகிறார் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். மயக்க மருத்துவருக்கு ஸ்கேன் படத்தைப் போலவே அந்தச் செய்தியும் வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆபத்து ஆபரேஷன் மேசையில் வந்து நிற்கிறது.

நெஞ்சில் கட்டி என்றதும் பீடி, சிகரெட், நுரையீரல் புற்று என்றே எண்ணம் ஓடுகிறது. இங்கே சொல்வது வேறு. இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, மார்பெலும்புக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. இதயம், பெரிய இரத்தக் குழாய்கள், மூச்சுக்குழாய், உணவுக்குழாய் எல்லாம் அங்கே நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அந்த இடத்தில் லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்ப் புற்று வரலாம். பள்ளிக்கூடம், கல்லூரி போகும் வயதுப் பிள்ளைகளுக்கும் அது வருகிறது. தைமஸ் என்ற சுரப்பியில் கட்டி வரலாம். காசநோயால் உள்ளே நெறி கட்டிப் பெரிதாவதும் நம் நாட்டில் உண்டு. கழுத்துக் கழலை கீழ்நோக்கி வளர்ந்து மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கிவிடுவதும் உண்டு.

கழலையைச் சொன்னதால் ஒரு வார்த்தை. நம் ஊர் அளங்களில் வேலை செய்பவர்கள் வீட்டுச் சமையலுக்கும் அங்கிருந்தே கல்லுப்பு எடுத்து வருகிறார்கள். கடல் நீரில் விளைந்த உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அப்படி இல்லை. அளத்தில் வாரிய உப்பில் அயோடின் மிகச் சொற்பம். அது பின்னால் சேர்க்கப்படுவது. அதனால்தான் 2006 மே மாதத்திலிருந்து, உண்பதற்கான உப்பை அயோடின் சேர்க்காமல் விற்க நாடு முழுவதும் தடை இருக்கிறது. உப்பு விளைவிக்கும் நாமே அயோடின் இல்லாத உப்பைத் தின்பது சரியில்லை. கழலைக்கு வேறு காரணங்களும் உண்டு. விஷயத்துக்கு வருவோம்.

மேலே சொன்ன கட்டிகளில் பல குணமாகக் கூடியவை. லிம்ஃபோமாவில் பெரிய கட்டிகூட மருந்திலேயே கரைந்து, பிள்ளைகள் படித்து, திருமணமாகி வாழ்கிறார்கள். ஆனால் மருந்து தொடங்க, அது என்ன கட்டி என்று தெரிய வேண்டும்; அதற்கு ஒரு சிறு சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். குணமாக வேண்டிய ஒருவர், அந்தத் துணுக்கை எடுப்பதற்காகக் கொடுத்த மயக்கத்திலேயே உயிரை விடுவது நடந்திருக்கிறது. இதை எண்ணித்தான் மயக்க மருத்துவர்கள் இந்த நோயாளிகளைக் கண்டால் நிதானிக்கிறார்கள்.

ஏன் அப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். விழித்திருக்கும்போது மூச்சிழுப்பது தசைகளின் வேலை. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் நெஞ்சுக்கூட்டை வெளியே இழுக்கின்றன. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் கீழே இறங்குகிறது. நான்கு பக்கமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்திய பந்தல்போல நெஞ்சு விரிந்து நிற்கிறது. உள்ளே கட்டி இருந்தாலும், இந்த இழுவிசை இருக்கும்வரை மூச்சுக்குழாய் ஓரளவு திறந்தே இருக்கும். உட்கார்ந்திருக்கையில் கட்டியின் பாரம் கீழ்நோக்கியும் முன்நோக்கியும் இறங்குகிறது. மல்லாந்து படுத்தால் அதே பாரம் பின்னால் சாய்ந்து மூச்சுக்குழாயின் மேலும் இதயத்தின் மேலும் அமர்கிறது. அதனால்தான் இவர்களால் படுக்க முடிவதில்லை.

இப்போது மயக்க மருந்து கொடுக்கிறோம் என்று வையுங்கள். தசைகள் தளர்கின்றன, உதரவிதானம் மேலே ஏறுகிறது, நெஞ்சின் உள்ளளவு சுருங்குகிறது. தசைகளை முழுவதுமாகத் தளர்த்தும் மருந்தையும் கொடுத்துவிட்டால், பந்தலின் கயிறுகளை எல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டது போலாகிறது. கட்டி அப்படியே மூச்சுக்குழாயை அமுக்குகிறது. வழக்கமாகத் தொண்டை வழியே ஒரு குழாய் செருகி, அதன் வழியாகக் காற்றைத் தள்ளுவார்கள். அடைப்பு அந்தக் குழாயின் நுனிக்கும் கீழே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருந்தால் தள்ளிய காற்று நுரையீரலுக்குப் போகாது. கழுத்தில் துளை போட்டாலும் பயனில்லை. அடைப்பு அதற்கும் கீழே இருக்கிறது. ஆக்சிஜன் போகாமல் மூளை தாங்குவது சில நிமிடங்கள்தான். அதோடு, கட்டி இதயத்தையோ நுரையீரலுக்குப் போகும் பெரிய தமனியையோ அமுக்கினால் இரத்த ஓட்டமே விழுந்துவிடும். பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அவர்களுடைய மூச்சுக்குழாய் குறுகலானது, மென்மையானது.

மயக்கத்தில் ஆபத்து மூச்சிலிருந்து வருகிறதா இதயத்திலிருந்து வருகிறதா என்ற கேள்வி நம் நாட்டிலேயே பெரிய ஆராய்ச்சியாக நடந்திருக்கிறது. அப்போது மயக்கத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து வந்தார்கள். சிலர் அதிலேயே இறந்தார்கள். ஹைதராபாத் அஃப்ஸல்கஞ்ச் மருத்துவமனையில் இருந்த எட்வர்டு லாரி என்ற மருத்துவர் 1888இல் இதை ஆராய ஒரு குழு வைத்தார். லண்டன் மருத்துவர்கள் அதன் முடிவை ஏற்கவில்லை. நிஜாம் மஹபூப் அலி கான் பொருளுதவி செய்து, 1889இல் லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற நிபுணரை வரவழைத்து இரண்டாம் குழு அமைய வழி செய்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்துப் பார்த்து, முதலில் நிற்பது மூச்சுதான், ஆகவே மூச்சையே கவனிக்க வேண்டும் என்றார்கள். இதயமும் திடீரென நிற்கக்கூடும் என்பதை 1911இல் லெவி என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். இன்று எந்த ஆபரேஷன் அறையிலும் இரண்டையும் கருவிகள் நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கின்றன. நெஞ்சு நடுக் கட்டி உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாக விழக்கூடும் என்பதுதான் சிக்கல். அந்த நாளில் ஹைதராபாத்தில் குளோரோஃபார்ம் கொடுக்கும் பணியில் ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பெண் மருத்துவர் இருந்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். நம் பெண்பிள்ளைகள் படிக்கத்தக்க துறை என்பதற்காகவும் இதைக் குறிப்பிடுகிறோம்.

இனி வீட்டில் கவனிக்க வேண்டியவை. இந்தப் பகுதியைப் பெண்கள் உட்பட எல்லோரும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலாவது, படுக்கை. ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு, மூன்று என்று கேட்கத் தொடங்குவார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார். சிலர் ஒரு பக்கமாகப் படுத்தால் மட்டும் தூங்குவார்கள். மறுபக்கம் திரும்பினால் இருமல் வரும். எந்தப் பக்கம் சுகமாக இருக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். பின்னால் இதற்குப் பெரிய பயன் இருக்கிறது.

இரண்டாவது, தொழுகை. ருகூவிலும் சஜ்தாவிலும் தலை தாழும்போது முகம் கனத்து, காது அடைத்து, கண் இருட்டும். தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய சிரையைக் கட்டி அமுக்குவதால் வருவது இது. அப்படிப்பட்டவர் நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கியிருப்பார். முட்டிவலி என்று நாமாக நினைத்துக்கொள்வோம். இருபது வயதுப் பையன் நாற்காலியைத் தேடினால் ஏன் என்று கேளுங்கள்.

மூன்றாவது, கைகளைத் தூக்கும் வேலை. உப்புக் கூடையைத் தலையில் ஏற்றி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நடக்கும்போது முகம் சிவந்து கறுத்து, மூச்சு முட்டுகிறதா? மருத்துவர்களே இதைச் சோதனையாகச் செய்கிறார்கள். இரு கைகளையும் காதோடு ஒட்டி மேலே தூக்கி ஒரு நிமிடம் வைக்கச் சொல்வார்கள். முகத்தில் இரத்தம் தேங்கினால் உள்ளே ஏதோ அமுக்குகிறது என்று பொருள். 1946இல் பெம்பர்ட்டன் என்ற மருத்துவர் எழுதியது, இன்றும் பயன்படுகிறது.

நான்காவது, காலையில் எழும்போது முகமும் கண்ணிமைகளும் வீங்கியிருத்தல், கழுத்து நரம்புகள் புடைத்து நிற்றல், மேல்மார்பில் நீல நரம்புகள் தெரிதல். நம் வீட்டுப் பெண்களின் கழுத்தும் மார்பும் துப்பட்டாவுக்குள் இருப்பதால் வெளியே யாருக்கும் தெரியாது. தாயோ அக்காவோ பார்த்துச் சொல்ல வேண்டும். சட்டைக் காலர் பிடிக்கிறது, தாலிக் கருகமணி இறுக்குகிறது என்ற பேச்சைக்கூடக் காதில் வாங்குங்கள்.

நம் கரையில் இவற்றுக்கெல்லாம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: உப்புக்காற்று, அளத்து வேலை, சளி. மருந்துக்கடையில் சொல்லி மூச்சிரைப்புக்கு மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை இருக்கும். லிம்ஃபோமா இருப்பவருக்கு அது ஓரிரு நாளிலேயே கட்டியைச் சுருக்கி மூச்சை இலேசாக்கிவிடும். ஆள் தேறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதன்பின் எடுக்கும் சதைத்துணுக்கில் என்ன நோய் என்று கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். சில வாரங்களில் கட்டி திரும்ப வளரும். உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவர்களே முதலில் ஸ்டீராய்டு கொடுப்பதும் உண்டு. அது எல்லாவற்றையும் எடைபோட்டு எடுக்கும் முடிவு. மருந்துக்கடைப் பொட்டலம் அப்படிப்பட்டதல்ல. எதையாவது விழுங்கியிருந்தால் அட்டையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைக்க வேண்டாம்.

மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேனுக்கும் படுக்கத்தான் சொல்வார்கள். முடியாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு படுக்காமல் முன்னதாகவே சொல்லுங்கள். சாய்த்தோ, ஒருக்களித்தோ, குப்புறப் படுக்கவைத்தோ எடுக்க வழி இருக்கிறது. மூச்சுக்குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை அதில் அளப்பார்கள். ஊதச் சொல்லியும் பார்ப்பார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் 1990களில் செய்த ஆய்வில், மூச்சுக்குழாயின் உள்பரப்போ ஊதும் வேகமோ அந்த வயதுக்கு இருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவாக இருந்தால் முழு மயக்கத்தைத் தவிர்ப்பது நல்லது என்று கண்டார்கள். எக்கோ எடுத்து இதயத்தின் மேல் அழுத்தம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தொந்தரவே தெரியாதவருக்கும் மயக்கத்தில் மூச்சு அடைத்ததுண்டு. அதனால், படுக்க முடிகிறதே, பின் ஏன் இத்தனை சோதனை என்று கேட்பது பொருந்தாது.

பிறகு, எவ்வளவு குறைந்த மயக்கத்தில் துணுக்கை எடுக்க முடியும் என்று தேடுவார்கள். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, உட்கார்ந்த நிலையிலேயே எடுத்துவிடலாம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அந்த நீரே போதுமானதாக இருக்கலாம். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தியும் எடுக்கலாம். சிலவகைக் கட்டிகள் இரத்தப் பரிசோதனையிலேயே பிடிபடும்.

இந்தத் தேடலுக்கு நாளாகிறது. குடும்பங்கள் நிதானம் இழப்பதும் இங்கேதான். ஒரு சகோதரர் தம் மகனுக்கு இரண்டு முறை தேதி கொடுத்து இரண்டு முறையும் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று நம் அலுவலகத்தில் வந்து கொதித்தார். காப்பீட்டு அட்டையில் வந்ததால் அலட்சியம் செய்கிறார்கள், பக்கத்து ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் நாளையே செய்து தருகிறார்களாம், பணம் மட்டும் வேண்டும் என்றார். நாம் அவருடன் போய் மயக்க மருத்துவரைப் பார்த்தோம். "இவனை நான் தூங்க வைத்துவிடுவேன் பாய், எழுப்ப முடியுமா என்று தெரியவில்லை. அதனால்தான் வேறு வழி பார்க்கிறோம்" என்றார் அவர். அடுத்த வாரம் கழுத்தில் ஒரு சிறு நெறியைக் கண்டுபிடித்து, பையன் பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்தார்கள்.

விரைவாக ஆபரேஷன் செய்யச் சொல்லி நம்மிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பவர்கள் உண்டு. நெஞ்சு நடுக் கட்டி விஷயத்தில் அப்படிக் கடிதம் கொடுப்பதில்லை என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். இதயம், நுரையீரல் அறுவைப் பிரிவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இல்லாத இடத்தில் இந்த நோயாளிக்கு முழு மயக்கம் கொடுப்பதற்கு உதவித்தொகையும் தருவதில்லை. இதில் சிலருக்கு நம்மேல் வருத்தம். இருந்தாலும் மாற்றுவதாக இல்லை. கோரிமேடு ஜிப்மர் நமக்குப் பக்கம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. புற்று என்று தெரிந்தபின் சிகிச்சைக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே எடுத்துவையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது கிடைக்கும்.

முழு மயக்கம் தவிர்க்க முடியாது என்று முடிவானால், உள்ளே நடக்கும் ஏற்பாடுகள் மற்ற ஆபரேஷன்களிலிருந்து மாறுபடும். நோயாளி பாதி உட்கார்ந்த நிலையில் இருப்பார். பயம் தெளியத் தூக்க ஊசி போடுங்கள் என்று வீட்டார் கேட்பார்கள்; இவருக்கு அது ஆகாது. நெஞ்சின் மேல்சிரை அமுக்கப்பட்டிருந்தால் கையில் ஏற்றும் மருந்து இதயத்துக்குச் சேரத் தாமதமாகும் என்பதால் காலில் ஊசி போடுவார்கள்; கையில் நரம்பு கிடைக்கவில்லை போலும் என்று எண்ண வேண்டாம். நோயாளி தாமாக மூச்சு விடுவதை நிறுத்தாமலே மெதுவாக மயக்குவார்கள். தசையைத் தளர்த்தும் மருந்தைக் கூடியவரை தொடமாட்டார்கள். மூச்சுக்குழாய் அமுங்கினால் அதைத் தாண்டிச் செலுத்த வளையாத உலோகக் குழாய் ஒன்றுடன் அறுவை மருத்துவர் பக்கத்திலேயே நிற்பார். அந்த நேரத்தில், எந்தப் பக்கம் படுத்தால் சுகம் என்று வீட்டில் குறித்து வைத்தீர்களே, அந்தப் பக்கத்துக்கு உடனே திருப்புவார்கள். அடைப்பு விலகிவிடக்கூடும். சிலரைக் குப்புறத் திருப்ப நேரிடும்.

மிகக் கடினமான நிலையில் எக்மோ இயந்திரத்தை ஆயத்தமாக வைப்பார்கள். 2016 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதாவின் சிகிச்சையின்போது நாமெல்லாம் கேள்விப்பட்ட சொல்தான். உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி அது. மூச்சு நின்றபின் அதை இணைக்க நேரம் போதாது. எனவே மயக்கத்துக்கு முன்பே தொடையிடுக்கு இரத்தக் குழாய்களில் வழி போட்டுவைப்பார்கள். இத்தனை ஏற்பாடும் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் இடத்தைத் தேர்வு செய்ய வேண்டும்.

கையெழுத்து வாங்கும்போது உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டு நோயாளியை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டவர்கள் உண்டு. பொறுப்பைத் தட்டிக்கழிக்க எழுதி வாங்குகிறார்கள் என்று எண்ணாமல் எதிர்க்கேள்வி கேளுங்கள். முழு மயக்கம் இல்லாமல் முடியாதா? மூச்சு அடைத்தால் என்ன செய்வீர்கள்? பிறகு தீவிர சிகிச்சையில் படுக்கை இருக்கிறதா? இவை கேட்கத் தகுந்த கேள்விகள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

வெறும் வயிறு பற்றியும் சொல்ல வேண்டும். உணவுக்கு 6 மணி நேரமும் தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி விடச் சொல்வது வழக்கம். பால் கலந்த டீ உணவுக் கணக்கில் சேரும். ஒரு வாய் டீதானே என்று கொடுக்கக் கூடாது. எதிர்மாறாக, முந்தைய இரவிலிருந்தே தண்ணீர்கூடக் கொடுக்காமல் காயப்போடுவதும் கெடுதி. உடலில் நீர் வற்றினால், கட்டியின் அழுத்தத்தில் இருக்கும் இதயத்துக்கு இரத்தம் மேலும் குறையும். ரமளானில் தேதி விழுந்தால் சஹர் எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்.

தைமஸ் கட்டி உள்ளவர்களில் கணிசமானவர்களுக்குத் தசைச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கும். மாலையானால் கண்ணிமை தொங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, மென்று சாப்பிடும்போது தாடை சோர்ந்துபோவது அதன் அடையாளங்கள். தசை தளர்த்தும் மருந்து இவர்களிடம் வழக்கத்துக்கு மாறாக வேலை செய்யும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கொண்டுபோகும் வழியிலும் கவனம் வேண்டும். 108ஐ அழைக்கும்போதே, நோயாளியால் படுக்க முடியாது, உட்கார்ந்த நிலையில்தான் வருவார் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டிரெச்சரின் தலைப்பக்கத்தை உயர்த்திவைக்க முடியும். அவர் எந்த நிலையில் மூச்சு விடுகிறாரோ அதே நிலையில் விடுங்கள். பாசத்தில் மடியில் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டாம்.

சிகிச்சை முடிந்து கட்டி சுருங்கியபின், பல் பிடுங்கவோ குடலிறக்கத்துக்கோ பிரசவத்துக்கோ மறுபடி மயக்க மருந்து தேவைப்படலாம். அப்போதும் பழைய கதையைச் சொல்ல வேண்டும். முதல் ஸ்கேன் படம், குறுந்தகடு, டிஸ்சார்ஜ் தாள் ஆகியவற்றைத் தூக்கி எறியாமல் ஒரே உறையில் போட்டு வையுங்கள். மழையில் கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் நகல் ஒன்றை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம். வெள்ளி தவிர்த்த நாட்களில் அஸருக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும்.